பரிசு வாங்கிய பிறகும் பள்ளிக்குப் போனவர் - யூரி ககாரின்



இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் மேடையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பெயர் வந்தவர்கள் சட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடுவார்கள். பெயர் வராதவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய், கிண்ணத்தை அலமாரியில் வைத்தாயிற்று. சரி, மறுநாள் காலையில் என்ன செய்வது? இந்தக் கேள்வியை நம்மில் பல பேர் கேட்டுக்கொள்வதே இல்லை. பரிசு வாங்கினோம், வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

உலகத்திலேயே மிகப் பெரிய பரிசு ஒன்று உண்டென்றால், அது ஒரு மனிதருக்கு 27 வயதிலேயே கிடைத்தது. பூமியை விட்டு விண்வெளிக்குப் போன முதல் மனிதர் என்ற பெயர்தான் அது. அதற்கு மேல் ஒருவருக்கு என்ன பரிசைத்தான் கொடுத்துவிட முடியும்? அந்த மனிதர், யூரி ககாரின், அதற்குப் பிறகு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்த ஏழு ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முன், அவர் எங்கிருந்து வந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேணும், இல்லையா?

மண்குழியில் வளர்ந்த பிள்ளை

ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்க் வட்டாரத்தில் குளூஷினோ என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே 1934-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் யூரி பிறந்தான். தகப்பனார் அலெக்சேய் தச்சு வேலை செய்பவர். தாயார் அன்னா கூட்டுப் பண்ணையில் மாடு பார்த்துப் பால் கறப்பவர். நான்கு பிள்ளைகளில் யூரி மூன்றாவது. வசதியான குடும்பம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கைகால் உழைத்தால்தான் சோறு.

1941-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏழு வயது யூரி பள்ளியில் சேர்ந்தான். அடுத்த மாதமே ஜெர்மன் படை அந்தக் கிராமத்துக்குள் நுழைந்தது. பள்ளிக்கூடம் மூடப்பட்டது. யூரியின் வீட்டை ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். தகப்பனார் வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தோண்டி, மேலே கூரை போட்டு, ஒரு குழி வீடு செய்தார். கொட்டுகிற பனியில், ஒரு வருஷத்துக்கும் மேலாக, அந்தக் குடும்பம் அந்தக் குழியில்தான் இருந்தது. தம்பி போரிஸ் சின்னப் பிள்ளை. அவனை ஒரு ஜெர்மன் சிப்பாய் கழுத்துத் துணியோடு ஆப்பிள் மரத்தில் தொங்கவிட்டுவிட்டான். தாய் ஓடிப்போய் இறக்கியதால் உயிர் பிழைத்தான். அண்ணன் வாலெந்தீனையும் அக்கா சோயாவையும் கட்டாய வேலைக்காகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போர் முடிகிற வரைக்கும் அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்றே பெற்றோருக்குத் தெரியாது. பிறகு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள் என்பது பெரிய பாக்கியம்.

அந்தக் காலத்தில்தான் அடிபட்ட சோவியத் போர் விமானம் ஒன்று கிராமத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. பையன்களெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். யூரியும் பார்த்தான். அவன் வாழ்க்கையில் பார்த்த முதல் விமானியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

போர் முடிந்ததும் குடும்பம் பக்கத்து ஊரான குஷாட்ஸ்குக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் புத்தகங்கள் இல்லை. பட்டாளத்தார் போட்டுவிட்டுப் போன பழைய இராணுவக் கையேட்டை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் போரில் விமானப் படையில் இருந்தவர். அவர் பாடம் நடத்தினால் யூரிக்கு நேரம் போவதே தெரியாது. நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்தால் பிள்ளைக்கு வழி திறந்துவிடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வார்ப்படத் தொழிலாளி

ஆறு வகுப்பு முடித்தபோது யூரிக்கு 15 வயது. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து வெளியே போவதைப் போலத்தான். போர் படிப்பைக் கெடுத்துவிட்டதால் பின்தங்கிவிட்டான். வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்து, 1949-இல் மாஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள லியூபெர்ட்ஸி என்ற ஊரில் தொழிற்பள்ளியில் சேர்ந்தான். வேலை என்ன தெரியுமா? இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற வார்ப்பட வேலை. சூடு, புகை, கரி. பகலில் பட்டறை, இரவில் மாலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. உடம்பு எவ்வளவு களைத்திருக்கும், யோசித்துப் பாருங்கள்! ஆனாலும் 1951-இல் இரண்டிலும் நன்றாகத் தேறினான்.

அதோடு நின்றானா? இல்லை. வோல்கா நதிக்கரையில் உள்ள சராத்தோவ் நகரத்துத் தொழில்நுட்பப் பள்ளியில் மேலும் நான்கு வருஷம். கைச்செலவுக்குப் படகுத் துறையில் மூட்டையும் இறக்கினான். அந்த நகரத்தில் ஒரு விமானப் பயிற்சிக் கழகம் இருந்தது. 1954-இல் அதில் சேர்ந்தான். காலையில் வார்ப்படப் பாடம், சாயங்காலம் விமானப் பாடம். 1955-ஆம் ஆண்டு கோடையில், யாக்-18 என்ற சிறு பயிற்சி விமானத்தை முதன்முதலாகத் தனியாக ஓட்டினான். கீழே வோல்கா நதி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது மறுபடியும் இந்தக் கதையில் வரும்.

திண்டு வைத்துப் பறந்த விமானி

அதே ஆண்டில் ஓரென்பர்க் நகரத்து இராணுவ விமானப் பள்ளியில் ககாரின் சேர்ந்தார். இனி அவர் பட்டாளத்துக்காரர், ஆகையால் நாமும் மரியாதையாகவே சொல்லுவோம்.

அங்கே அவருக்கு ஒரு தொல்லை வந்தது. மேலே ஏற்றுவார், திருப்புவார், எல்லாம் ஒழுங்காகச் செய்வார். கீழே இறக்கும்போதுதான் தகராறு! சரியாகத் தரை இறக்க முடியவில்லை. இரண்டு தடவை சோதனையில் தடுமாறினார். இனிமேல் இவர் சரிப்படமாட்டார், பள்ளியை விட்டு அனுப்பிவிடலாம் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டது. படைத் தலைவர் கடைசியாக இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். பயிற்றுநர் கவனித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. ககாரினுடைய உயரம் 157 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி இரண்டு அங்குலம்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து ஓடுதளம் அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை! ஆசனத்தில் ஒரு திண்டு வைத்து உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான். விமானம் அழகாகத் தரை இறங்கியது.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேணும். அந்தப் பையனுக்குத் திறமை இல்லை என்று அன்றைக்கே எழுதி அனுப்பியிருந்தால்? விண்வெளி வரலாற்றின் முதல் பக்கத்தில் வேறு யாருடைய பெயரோ இருந்திருக்கும். பிள்ளைக்குத் தேவைப்பட்டது திட்டு அல்ல, ஒரு திண்டு!

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக் கோளை விட்டது. அதே மாதக் கடைசியில் ககாரின் வாலெந்தீனாவைத் திருமணம் செய்துகொண்டார். நவம்பரில் விமானப் பள்ளியில் தேறி, லெப்டினன்ட் ஆனார். நார்வே நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், வருஷத்தில் பல வாரம் சூரியனே உதிக்காத லுவோஸ்தாரி என்ற வடகோடி விமானத் தளத்துக்கு வேலைக்குப் போனார். பனியிலும் இருட்டிலும் மிக்-15 போர் விமானம் ஓட்டினார். மூத்த மகள் எலேனா 1959-இல் பிறந்தாள்.

இருபது பேரில் ஒருவர்

1959-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் சிலர் விமானத் தளங்களுக்கு வந்து இளம் விமானிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்கள். எதற்கென்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. வயது 25 முதல் 30 வரை, உயரம் 170 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, எடை 72 கிலோவுக்கு மேல் கூடாது. ஏன் இப்படி? தயாராகிக்கொண்டிருந்த வஸ்தோக் விண்கலத்தில் மனிதர் உட்காரும் உருண்டை 2.3 மீட்டர் அகலம்தான். நெட்டையானவர்களுக்கு அதில் இடமில்லை. பார்த்தீர்களா? விமானப் பள்ளியில் எந்த உயரம் குறையாக இருந்ததோ, அதே உயரம் இங்கே உதவிக்கு வந்தது.

ஆயிரக்கணக்கான விமானிகளின் தாள்களைப் பார்த்து, கடைசியில் 20 பேரை எடுத்தார்கள். 1960 மார்ச்சில் பயிற்சி தொடங்கியது. சுழல் எந்திரத்தில் வைத்துச் சுற்றினார்கள். சத்தமே இல்லாத அறையில் பல நாள் தனியாக அடைத்து வைத்தார்கள். பாராசூட்டில் திரும்பத் திரும்பக் குதிக்க விட்டார்கள். இது விளையாட்டு அல்ல. 1961 மார்ச் 23-இல், இருபது பேரிலும் இளையவரான வாலெந்தீன் பொந்தரென்கோ, உயிர்வாயு நிரம்பிய பயிற்சி அறையில் தீப்பிடித்து இறந்துபோனார். அந்தச் செய்தியையே சோவியத் அரசு 1986 வரைக்கும் வெளியே சொல்லவில்லை. கூடப் படித்த தோழர் இப்படிப் போன மூன்றாவது வாரத்தில்தான் ககாரின் விண்கலத்தில் ஏறி உட்கார வேண்டியிருந்தது.

ஒரு சமயம், உங்களைத் தவிர வேறு யார் முதலில் போகத் தகுதியானவர் என்று அந்த விமானிகளையே கேட்டு எழுதித் தரச் சொன்னார்கள். பெரும்பாலோர் ககாரின் பெயரைத்தான் எழுதினார்கள். போட்டிக்காரர்களே ஒருவனுக்கு ஓட்டுப் போடுவது சுலபமா? கூடப் படிக்கிறவன் மனத்தைச் சம்பாதித்தவனுக்குத்தான் அது கிடைக்கும்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் ககாரின், மற்றவர் கெர்மன் தீத்தோவ். தீத்தோவ் எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. பயணத்துக்குச் சில நாள் முன்புதான், ககாரின் போவார், தீத்தோவ் மாற்று ஆளாக நிற்பார் என்று முடிவு சொன்னார்கள். தீத்தோவுக்கு வருத்தம் இருந்தது. இருக்காதா? ஆனாலும் கடைசி நிமிஷம் வரைக்கும் விண்வெளி உடையைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

அந்த 108 நிமிஷம்

புறப்படுவதற்கு இரண்டு நாளைக்கு முன், ககாரின் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். தான் திரும்பி வராவிட்டால் பெண் குழந்தைகளை நல்லபடி வளர்க்க வேண்டும், மனைவி தன் வாழ்க்கையைத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அப்போது இளைய மகள் கலீனா பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கடிதத்துக்கு அப்போது வேலை வரவில்லை. ஆனால் பிறகு வந்தது.

1961 ஏப்ரல் 12. இன்று கசகஸ்தான் நாட்டில் இருக்கும் பைக்கோனூர் ஏவுதளம். ககாரின் உள்ளே போய் உட்கார்ந்து கதவை மூடினால், கதவு சரியாக மூடிய அடையாளம் காட்டவில்லை. திருகாணிகளையெல்லாம் கழற்றி மறுபடி முடுக்கினார்கள். அதுவரைக்கும் ககாரின் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு பொறுமையாக இருந்தார். எடை இல்லாத இடத்தில் மனிதனுக்குப் புத்தி தடுமாறுமோ என்று பெரியவர்களுக்குப் பயம். அதனால் கலத்தைக் கையால் ஓட்டுகிற கருவியைப் பூட்டி, அதைத் திறக்கும் மூன்று இலக்க எண்ணை ஒரு உறையில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஆனால் அவர்மேல் இருந்த பிரியத்தில், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அந்த எண்ணை முன்கூட்டியே அவர் காதில் போட்டுவிட்டார்கள்!

மாஸ்கோ நேரம் காலை 9.07-க்கு ராக்கெட் கிளம்பியது. அதைச் செய்த தலைமைப் பொறியாளர் செர்கேய் கொரல்யோவ். அவர் 1966-இல் இறக்கும் வரை அவர் பெயரே உலகத்துக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார்கள். பரிசு மேடைக்கு வராமலே வேலை செய்கிறவர்களும் உண்டு, பிள்ளைகளே!

மேலே போன ககாரின் பூமியைச் சன்னல் வழியாகப் பார்த்தார். வட்டமான விளிம்பும், அதைச் சுற்றி மெல்லிய நீல நிறமும் தெரிந்தன. பார்த்ததைக் குறித்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் பென்சில் மிதந்து எங்கேயோ போய்விட்டது! அதற்கப்புறம் வாயால் சொல்லியே ஒலிநாடாவில் பதிவு செய்தார். பென்சில் தொலைந்தது என்று வேலையை நிறுத்தவில்லை.

திரும்பி வரும்போதுதான் ஆபத்து. கலத்தின் பின்பகுதி முழுதாகப் பிரியாமல் கம்பிகளில் மாட்டிக்கொண்டது. ஏறக்குறைய பத்து நிமிஷம் கலம் கிறுகிறுவென்று சுற்றியது. பிறகு காற்றின் உராய்வுச் சூட்டில் கம்பிகள் எரிந்து அறுந்தன. பதற்றப்பட்டுக் கத்தவில்லை, நிலைமையைக் கவனித்துக்கொண்டே இருந்தார். தரையிலிருந்து 7 கிலோமீட்டர் உயரத்தில், திட்டப்படி ஆசனத்தோடு வெளியே எறியப்பட்டு, பாராசூட்டில் தனியாக இறங்கினார். மூச்சுக்காற்று வால்வு உடைக்குள் சிக்கிக்கொள்ள, அதைத் திறக்கச் சில நிமிஷம் திண்டாடினார். விமானி தன் கலத்தோடேயே இறங்கினால்தான் சாதனையாகப் பதிவார்கள் என்ற விதி அப்போது இருந்ததால், அவர் தனியாகக் குதித்த விஷயத்தைச் சோவியத் அதிகாரிகள் பல வருஷம் மறைத்தார்கள். அது சரியல்லதான். ஆனால் அந்தக் குறை ககாரின் துணிச்சலில் ஒன்றையும் குறைக்காது.

எங்கே வந்து இறங்கினார் தெரியுமா? சராத்தோவ் வட்டாரத்தில், வோல்கா நதிக்குப் பக்கத்தில்! ஆறு வருஷத்துக்கு முன்னே ஒரு வார்ப்பட மாணவனாக முதன்முதலில் தனியாகப் பறந்த அதே பகுதி. வயலில் நின்ற ஓர் அம்மாவும் பேத்தியும் அவருடைய ஆரஞ்சு நிற உடையையும் வெள்ளைத் தலைக்கவசத்தையும் பார்த்துப் பயந்தே போனார்கள். தான் அவர்கள் நாட்டுக்காரன்தான் என்று சொல்லித் தைரியம் கொடுத்தார். அவரைப் பெற்ற தாய்க்கே வானொலிச் செய்தி வந்த பிறகுதான் மகன் விண்வெளிக்குப் போன விஷயம் தெரியும். சோவியத் கணக்குப்படி பயணம் 108 நிமிஷம். ஒரு திரைப்படம் பார்க்கிற நேரம்கூட இல்லை.

பரிசின் பாரம்

இரண்டே நாளில் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் மாபெரும் வரவேற்பு. அதற்குப் பிறகு நாடு நாடாக அழைப்பு. 1961 ஜூலையில் இங்கிலாந்து போனபோது, மான்செஸ்டர் நகரத்து வார்ப்படத் தொழிலாளர் சங்கம் அவரைத் தங்கள் கௌரவ உறுப்பினராக்கியது. அன்று அங்கே நல்ல மழை. தன்னைப் பார்க்க மக்கள் நனைந்துகொண்டு நிற்கும்போது தான் மட்டும் மூடிய காரில் போவதா என்று, திறந்த காரிலேயே நனைந்துகொண்டு போனார். இரும்பு உருக்கிய பழைய நாளை அவர் மறக்கவில்லை, அந்தத் தொழிலாளர்களும் அவரை விடவில்லை. அந்த ஆண்டுக் கடைசியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து போனார்.

ஆனால் புகழ் என்பது இனிப்பு மட்டும் இல்லை. போகிற இடமெல்லாம் விருந்து, மாலை, கைகுலுக்கல். உடம்பு பருத்தது. 1961 இலையுதிர் காலத்தில் கிரிமியாவில் ஓய்வு விடுதி ஒன்றில் விவேகமில்லாமல் மாடி முகப்பிலிருந்து குதித்து, புருவத்துக்கு மேலே பலமான காயம் பட்டார். அந்த வடு கடைசி வரை மறையவில்லை. அவரும் மனிதர்தானே, தவறு செய்தார். நாம் மறைக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேதனை வேறு. அவர் விமானி. பறப்பதுதான் அவர் உயிர். நாட்டின் பெருமையாகிவிட்ட மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று மேலதிகாரிகள் அவரை அதிகம் பறக்க விடவில்லை. பறந்ததற்காகக் கிடைத்த பரிசு, பறக்க முடியாமல் கட்டிப்போட்டுவிட்டது! இப்படி ஒரு சோதனை யாருக்கு வரும்?

மறுபடியும் மாணவர்

இந்த நிலையில் வேறு ஒருவராக இருந்தால் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டே காலம் தள்ளியிருப்பார். ககாரின் என்ன செய்தார்? புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்! 1961-லேயே ஷுகோவ்ஸ்கி விமானப் படைப் பொறியியல் கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். தீத்தோவும் மற்றத் தோழர்களும் கூடப் படித்தார்கள். உலகம் முழுவதும் படம் போட்ட மனிதர், வாத்தியார் முன்னால் உட்கார்ந்து உயர் கணிதம் படித்துத் தேர்வு எழுதினார். பகலில் விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பு, வெளிநாட்டுப் பயணங்கள், கூட்டங்கள். இதற்கு நடுவில்தான் படிப்பு. 1963-இல் கர்னல் பதவி வந்தது, பயிற்சி நிலையத்தின் துணைத் தலைவர் பொறுப்பும் வந்தது. அப்போதும் படிப்பை விடவில்லை.

ஏழு வருஷம் ஆனது. 1968 பிப்ரவரியில் தம் ஆய்வைச் சமர்ப்பித்துத் தேறினார். ஆய்வு எதைப் பற்றி? இறக்கை வைத்த, விமானத்தைப் போலத் தரையில் வந்து இறங்கக்கூடிய விண்கலத்தைப் பற்றி. தரை இறக்கத் தெரியவில்லை என்று ஒரு காலத்தில் பள்ளியை விட்டே போகவேண்டிய நிலையில் இருந்தவர், விண்கலம் எப்படித் தரை இறங்கவேண்டும் என்று ஆராய்ச்சி எழுதினார் பாருங்கள்!

கடைசிப் பயணம்

படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இன்னொரு தடவை விண்வெளி போகவும் தயாரானார். 1967-இல் சோயூஸ்-1 பயணத்துக்கு அவருடைய தோழர் விளாதிமிர் கொமரோவ் போகவேண்டும், ககாரின் மாற்று ஆள். முன்பு தீத்தோவ் நின்ற இடத்தில் இப்போது ககாரின் நின்றார். ஏப்ரல் 24-ஆம் நாள் திரும்பும்போது பாராசூட் சரியாக விரியாமல் கொமரோவ் இறந்துபோனார். அதற்குப் பிறகு ககாரினை விண்வெளிக்கு விடவே கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

சரி, விமானமாவது ஓட்டுகிறேன் என்று அவர் கேட்டார். தான் பறக்காமல் மற்றவர்களைப் பறக்கச் சொல்லி எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பது அவர் எண்ணம். மறுபடியும் தனியாகப் பறக்க அனுமதி வேண்டும் என்றால் பயிற்றுநரோடு சோதனைப் பறப்புச் செய்ய வேண்டும். அதற்கும் சம்மதித்தார். 1968 மார்ச் 27-ஆம் நாள், அனுபவம் மிக்க விமானி விளாதிமிர் செர்யோகினோடு மிக்-15 பயிற்சி விமானத்தில் ஏறினார். காலை 10.18-க்குப் புறப்பட்டது. கால்மணி நேரத்துக்குள் தொடர்பு அறுந்துபோனது. கிர்ஷாச் நகரத்துக்குப் பக்கத்துக் காட்டில் விமானம் விழுந்து கிடந்தது. இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள். ககாரினுக்கு வயது 34. ஆய்வில் தேறி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

காரணம் என்ன என்பதைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. வேறொரு போர் விமானம் மிக நெருங்கிப் பறந்ததால் அவர்கள் விமானம் நிலைகுலைந்தது என்று, சக விண்வெளி வீரர் அலெக்சேய் லியோனோவ் 2013-இல் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு என்று ஒன்றும் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன் எழுதி வைத்த அந்தக் கடிதம் அப்போதுதான் வாலெந்தீனா கைக்கு வந்தது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பெண்களையும் வளர்த்து ஆளாக்கி, 2020-இல் காலமானார்.

ககாரின் சாம்பல் கிரெம்ளின் மதிலில் வைக்கப்பட்டது. அவர் படித்த குஷாட்ஸ்க் ஊருக்கு அந்த ஆண்டிலேயே ககாரின் என்று பெயர் மாற்றினார்கள். 1969 ஜூலையில் சந்திரனில் இறங்கிய அமெரிக்கர்கள் ககாரினுக்கும் கொமரோவுக்கும் உரிய பதக்கங்களை அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். போட்டி நாட்டுக்காரர்கள் செய்த மரியாதை இது!

நமக்கும் ஒரு தொடர்பு

ககாரின் புறப்பட்ட அதே ஏவுமேடையிலிருந்து 2007 அக்டோபர் 10-ஆம் நாள் நம் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸ்ஸாபார் புறப்பட்டார். அவர் பயிற்சி பெற்ற நிலையமும் ககாரின் பெயரைத் தாங்கியதுதான். அவருக்கு மாற்று ஆளாக, எல்லாப் பயிற்சியும் பெற்றுத் தரையில் நின்றவர் டாக்டர் ஃபாயிஸ் காலெட். தீத்தோவைப் போலவே! ஆனால் தீத்தோவ் கதை அங்கே முடியவில்லை. நான்கே மாதத்தில், 1961 ஆகஸ்டில், 25 வயதில் அவரும் போனார். ஒரு முழு நாளுக்கு மேல் தங்கி, பூமியை 17 தடவை சுற்றினார்.

ஆகவே, பிள்ளைகளே, இன்று பரிசு கிடைக்காமல் பின்வரிசையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முகம் வாட வேண்டாம். ஒருவேளை உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு திண்டாக இருக்கலாம். அதை வாய் திறந்து ஆசிரியரிடம் கேளுங்கள்.

பரிசு வாங்கினவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு எங்கள் பாராட்டு. கிண்ணத்தை அலமாரியில் பத்திரமாக வையுங்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் பள்ளி மணி அடிக்கும்போது, ஏழு வருஷம் புத்தகப் பையோடு வகுப்புக்குப் போன அந்தக் கர்னலை நினைத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு நேரத்தோடு வந்து சேருங்கள்.

வாழ்க, வளர்க!